பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்

போன ஞாயிறு ஈப்போவில் பள்ளிப் பிள்ளைகளுக்கான கபடிப் போட்டி. அரையிறுதியில் தோற்ற அணியில் ஒரு பையன், பன்னிரண்டு வயதிருக்கும். எதிரணிக்குக் கை கொடுக்க வரிசையில் நின்றான். வேலிக்கு வெளியே இருந்து அவன் அப்பா, "கையும் வேணாம், ஒண்ணும் வேணாம், வந்து வண்டியில ஏறு!" என்று கத்தினார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு பையன் போய்விட்டான். சமாதானம் பேசப் போன ஆசிரியைக்குக் கிடைத்த பதில்தான் இந்த வாரம் முழுக்க நெஞ்சில் உறுத்துகிறது. "டீச்சர், நீங்க தங்கல் படம் பாக்கலயா? அப்படி வளத்தாத்தான் பிள்ளைங்க மேல வரும்."

மறுபடியும் தங்கல்! அந்தப் படத்தின் மீது எனக்கு ஏற்கெனவே மனத்தாங்கல் உண்டு. ஆனால் அது ஒரு தகப்பனின் வாயில் சட்டமாக மாறி, ஒரு பிள்ளையின் கையை மடக்க வைத்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

படம் 2016 டிசம்பரில் வந்தது. ஹரியானாவின் பலாலி கிராமத்து மகாவீர் சிங் போகட், ஊர் ஏச்சைப் பொருட்படுத்தாமல் மகள்கள் கீதாவுக்கும் பபிதாவுக்கும் குஸ்தி கற்றுக்கொடுத்த கதை. அந்த மனிதரின் உழைப்பு உண்மை, அதற்குத் தலைவணங்க வேண்டும். படத்தின் கடைசி அரைமணி நேரம்தான் பொய். 2010 டில்லி காமன்வெல்த் இறுதிப் போட்டியில், தேசியப் பயிற்றுநரின் சூழ்ச்சியால் தகப்பன் ஓர் அறையில் பூட்டப்படுகிறார். மகள் தோல்வியின் விளிம்புக்குப் போய், சிறு வயதில் அப்பா சொன்னதை நினைத்துக்கொண்டு கடைசி நொடியில் வெல்கிறாள். நிஜத்தில் யாரும் யாரையும் பூட்டவில்லை. கீதா ஆஸ்திரேலியாவின் எமிலி பென்ஸ்டெட்டை 1-0, 7-0 என்று சுலபமாகவே வென்றார். அன்று கீதாவுக்குப் பயிற்றுநராக இருந்த பி.ஆர். சோந்தி, படத்தில் பயிற்றுநரைக் காட்டிய விதத்தைப் பார்த்து மனம் நொந்தார். மகளின் திறமையிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தகப்பன் கணக்கில் போட்டது அந்தக் காட்சி. வேலிக்கு வெளியே நின்று கத்துகிற அப்பாக்களுக்கு அது எவ்வளவு பிடித்துப்போனது!

படம் 2010-இல் முடிகிறது. கீதாவின் வாழ்க்கை முடியவில்லை. 2012-இல் லண்டன் ஒலிம்பிக்குக்குப் போனார். இந்தியாவிலிருந்து அந்தத் தகுதியைப் பெற்ற முதல் குஸ்தி வீராங்கனை அவர். அங்கே முதல் ஆட்டத்திலேயே கனடாவின் டோன்யா வெர்பீக்கிடம் தோற்றார். பிள்ளை வளர்க்கிற எந்த வீட்டுக்கும் உதவக்கூடிய கதை அங்கேதான் தொடங்குகிறது. எடுக்கத்தான் ஆள் இல்லை.

கீதாவைத் தோற்கடித்த வெர்பீக் இறுதிப் போட்டி வரை போய் ஜப்பானின் சாவோரி யோஷிதாவிடம் தோற்றார். யோஷிதாவின் வீட்டிலும் குஸ்தி சொல்லிக்கொடுத்தது தகப்பன்தான். மூன்று வயதில் மெத்தை விரிப்பில் இறக்கிவிட்டார். சின்னப் பிள்ளையாக ஒரு பையனிடம் தோற்று, அவன் வாங்கிய பதக்கம் தனக்கும் வேண்டும் என்று அழுதபோது, அது கடையில் விற்கும் பொருள் இல்லை, பாடுபட்டவனுக்குத்தான் கிடைக்கும் என்று சொன்னாராம். கண்டிப்பானவர்தான். ஆனால் ஜெயித்த பையனுக்குரியதை அவர் பிடுங்கவில்லை.

அதைவிடப் பெரியது யோஷிதாவின் தாய் சொன்னது. 2008 ஜனவரியில் சீனாவின் தையுவான் நகரில் உலகக் கோப்பைப் போட்டி. தொடர்ந்து 119 ஆட்டங்கள் வென்றிருந்த யோஷிதா, அமெரிக்காவின் மார்சி வான் டூசனிடம் தோற்று உடைந்துபோனார். உன்னிடம் தோற்றுப் போனவர்களுக்கும் இப்படித்தானே வலித்திருக்கும் என்றார் அம்மா. அந்த ஆகஸ்டில் பெய்ஜிங்கில் யோஷிதா மறுபடியும் தங்கம் வென்றார். அம்மா சொன்னதால்தான் வென்றார் என்று சொல்வது இன்னொரு தங்கல் காட்சியாகிவிடும், வேண்டாம். மகள் கதறும் நேரத்தில் அந்த அம்மாவுக்கு எதிர்ப்பக்கத்துப் பெண்களும் கண்ணில் பட்டார்களே, அதுதான் மலைக்க வைக்கிறது.

அந்தக் காலத்தில் நம் ரப்பர்த் தோட்டங்களில் அந்த எதிர்ப்பக்கம் தானாகவே கண்ணில் படும், காதிலும் விழும். சுங்கை சிப்புட், செம்மோர், தாப்பா, பீடோர் பக்கத்துப் பால்மரக் காடுகளில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடலுக்கு, நின்று, மரம் வெட்டி, மங்குப் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள் சாயங்காலம் திடலோரம் உட்காருவார்கள். பிள்ளைகள் காலால் கோடு கிழித்துச் சடுகுடு ஆடுவார்கள். ஜெயித்தவனும் தோற்றவனும் ஒரே லயத்து வரிசை வீடுகள். நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்பு. தோற்றவன் வீட்டில் அழுதால் ஜெயித்தவன் வீட்டில் கேட்கும். மறுநாள் இருட்டோடு இரண்டு தாய்மாரும் பெரட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும், ஒருத்திக்கு உடம்பு முடியாவிட்டால் அவள் பிள்ளைக்கு மற்றவள்தான் சோறு போட வேண்டும். எதிரியின் அம்மா பெயர் தெரியாத பிள்ளை தோட்டத்தில் கிடையாது. அங்கே எல்லாரும் உத்தமர்கள் என்றில்லை. சடுகுடு அடிதடியாகி, கங்காணி வந்து விலக்கிவிட்ட கதைகளும் ஏராளம். ஆனாலும் மறுநாள் முகத்தில் விழித்தே ஆக வேண்டும்.

பிறகு தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் துண்டாடல் வந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பாட்டாளிகளின் காசைச் சேர்த்தே சில தோட்டங்களைக் காப்பாற்றினார். அதற்குள் அடங்காதவை எத்தனையோ. பால்மரம் போய் செம்பனை வந்தது, சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. லயத்துச் சனம் புந்தோங்கிலும் பெர்ச்சாமிலும் தாமான்களிலும் சிதறியது. திடல்களும் போயின. திடலோடு போன இன்னொன்று எதிரணிப் பையனின் குடும்பம். இன்று அவன் வேறொரு தாமானிலிருந்து வேறொரு காரில் வந்து இறங்குகிறான். அவனும் அழுவான் என்பது அந்த அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

போட்டி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மதியச் சாப்பாட்டுப் பொட்டலங்களை அணிவாரியாகக் கொடுக்காதீர்கள். எதிரெதிர் அணிப் பெற்றோரை ஒரே மேசையில் உட்கார வையுங்கள். பெயர் கேட்டுக்கொள்ளட்டும், எந்தத் தோட்டத்து ஆள் என்று விசாரிக்கட்டும். நம்மவர்கள் இரண்டு நிமிடத்தில் உறவுமுறை கண்டுபிடித்துவிடுவார்கள்.

பழைய தோட்டத்து மக்கள் ஒன்றுகூடல் ஒன்றில், எழுபதைத் தாண்டிய ஒருவர் தம் பேரனிடம் இன்னொரு கிழவரைக் காட்டி, "இந்தத் தாத்தாதான்டா சடுகுடுல என் முட்டியப் பேத்தாரு" என்றார். பேரன் முறைத்தான். அந்தக் கிழவரோ, "அன்னிக்கி ராத்திரி உங்க பாட்டன் எங்க வீட்லதான் சாப்ட்டாரு, கேட்டுப் பாரு. எங்கம்மா மஞ்சப்பத்து போட்டுவிட்டுதான் அனுப்புச்சு" என்றார். அப்புறம் இருவரும், அன்று கோட்டைத் தொட்டது முதலில் யார் கை என்று மறுபடியும் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.