இரும்புக்கை யாருடையது?

சென்ற ஆண்டிறுதியில் தலைமையாசிரியர் சிலர் கூடிய கூட்டமொன்றில், வகுப்பறை வாசிப்பு மூலைகளிலிருந்து படக்கதை நூல்களை அறவே அகற்றிவிட வேண்டும் என்னும் கருத்து முன்வைக்கப்பட்டது. முன்மொழிந்தவர் என் நண்பர். முப்பதாண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருபவர். அவர் பழைய படக்கதை ஒன்றை மேசைமீது விரித்து, "இதைப் பாருங்கள். மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து போகிறான். கை மட்டும் மறையவில்லையாம்! இந்தக் குப்பையையா நம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது?" என்று வினவினார். அவையோர் சிரித்தனர். அவரும் சிரித்தார். சிரித்து முடித்தபின் அனைவரும் அவர் கருத்துக்கு இசைந்து தலையசைத்தனர்.

அந்தச் சிரிப்பைப் பற்றியே இக்கட்டுரை. ஐம்பது வயதைத் தொட்டவர்களுக்கு அரை நிமிடம் களிப்பூட்டிய ஒரு நூல், பதினொரு வயதுச் சிறுவனுக்கு மட்டும் நஞ்சாகிவிடுவது எங்ஙனம்? நாம் சிரிக்கலாம், அவன் சிரிக்கலாகாது என்பதுதான் நம் கொள்கையா?

மேசைமீது கிடந்த அந்நூல் எனக்குப் பழக்கமானது. 1972இல் சிவகாசியில் தொடங்கப்பெற்ற முத்து காமிக்ஸின் முதல் வெளியீடே இரும்புக்கை மாயாவிதான். கதை தமிழ் மண்ணில் பிறந்ததன்று. 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' என்னும் சிறுவர் வார இதழில், 'ஸ்டீல் கிளா' என்ற பெயரில் அது தொடங்கியது. கென் பல்மர் எழுதினார். ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியர் வரைந்தார். லூயிஸ் கிராண்டல் என்னும் ஆய்வுக்கூட உதவியாளன் விபத்தொன்றில் வலக்கையை இழந்து, அவ்விடத்தில் இரும்புக்கை பொருத்தப் பெறுகிறான். பின்னர் உயர் மின்னழுத்தம் பாய்ந்ததும் அவன் உடல் மறைகிறது. உடுத்திய உடையும் மறைகிறது. இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது. உடை மறையுமாயின் இரும்பு ஏன் மறையாது? மனநிறைவு தரும் விடையை நான் இன்றுவரை கண்டதில்லை. தொடக்கத்தில் குற்றவாளியாகத் திரிந்த அவன், பிறகு மனந்திருந்தி நிழற்படை என்னும் உளவுப் படையில் சேர்ந்து உலகைக் காக்கிறான். பிளாஸ்கோவின் ஓவியத்தைக் குறை சொல்ல நாக்கு எழாது; ஒளியையும் நிழலையும் அவர் கையாண்ட திறன் அத்தகையது. அவ்வளவு மெய்ம்மை வாய்ந்த ஓவியத்தில் அவ்வளவு பொய்யான நிகழ்ச்சிகள் நடப்பதே அந்நூலின் சுவை.

இரும்புக்கையையாவது மன்னிக்கலாம். 1984இல் லயன் காமிக்ஸ் தோன்றிய பிறகு தமிழுக்கு வந்த ஸ்பைடரை என்னென்பது! எங்கள் தோட்டத்து லயன் வீடுகளுக்குள் அந்த லயன் நுழைந்த காலத்தை நினைத்தால் இன்றும் எனக்கு முறுவல் வருகிறது. 1965இல் இங்கிலாந்தின் 'லயன்' இதழில் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைய உருவான பாத்திரம் அது. கூரிய காதுகள், கறுப்பு உடை, வலை பீய்ச்சும் துப்பாக்கி. குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாவதே அவன் வாழ்க்கைக் குறிக்கோள். பெல்ஹாம் என்னும் பேராசிரியரையும், பெட்டகம் உடைப்பதில் வல்ல ஆர்டினியையும் கைக்குள் போட்டுக்கொண்டு, பக்கத்துக்குப் பக்கம் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வான். அரசர்களைப் பாடிய நம் புலவர்கள்கூட அத்துணைப் புகழ்மொழிகளை ஒரே மூச்சில் அடுக்கியிருக்க மாட்டார்கள்; அதுவும் பாடுவோனும் பாட்டுடைத் தலைவனும் ஒருவனே! பின்னாளில் அவனும் திருந்தி நல்லவர் பக்கம் வந்துவிட்டான். இங்கிலாந்துப் படக்கதைகளில் திருந்தாத குற்றவாளிக்கு நீண்ட வாழ்வில்லை போலும். இன்னொரு செய்தி: 1938இல் ஜோ ஷூஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகல், 1960களில் இந்த ஸ்பைடர் கதைகளையும் எழுதினார். அவர் கைபட்ட பிறகு கதை இன்னும் தறிகெட்டு ஓடியதேயன்றி அடங்கவில்லை.

இவற்றைத் தமிழ் வாசகர்கள் உண்மையென நம்பியா படித்தார்கள்? காதில் பூச்சுற்றும் கதை என்று தாமே பெயர் சூட்டி, சிரித்துக்கொண்டே அடுத்த இதழுக்குக் காத்திருந்தார்கள். முரட்டுத் தாள், ஆங்கிலச் சொற்களுக்கென வரைந்த சிறு குமிழிகளுக்குள் மூச்சுத் திணறும் நெடிய தமிழ்த் தொடர்கள், மிக வேண்டிய இடத்தில் மிகாத வல்லினம். இத்தனை குறைகளோடும் அவை கைமாறிக் கைமாறி அட்டை கழன்று போகும்வரை படிக்கப்பட்டன. நம் பள்ளி நூலகங்களில் அட்டை கழன்ற நீதிநூலை யாரேனும் கண்டதுண்டா?

இவ்விடத்தில் என் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்த புதிதில் நான் மிகக் கண்டிப்பானவன். சிறுவயதில் மண்ணெண்ணெய் விளக்கடியில் இரும்புக்கை மாயாவியைப் படித்தவனேதான் நான்; ஆயினும் பட்டையான கழுத்துப்பட்டியும் வருகைப் பதிவேடும் கைக்கு வந்ததும் அதை மறந்துவிட்டேன். ஒருநாள் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அறிவியல் புத்தகத்துக்குள் அதே படக்கதையை மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். பறித்தேன். அவன் அழவில்லை. எழுந்து நின்று, "ஐயா, ஒரு சந்தேகம்" என்றான்.

"என்ன?"

"உடம்பு முழுக்க மறைஞ்சா கண்ணும் மறைஞ்சிடும்ங்க ஐயா. கண்ணு மறைஞ்சா வெளிச்சம் அதுல படாம ஊடுருவிப் போயிடுமே. அப்புறம் அவரு எப்படிப் பார்ப்பாரு?"

"அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே, உட்கார்" என்று சொல்லி நூலை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

பல ஆண்டுகள் கழித்து, உருசிய அறிவியல் எழுத்தாளர் யாக்கோவ் பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' என்னும் நூலைப் படிக்க நேர்ந்தது. எச்.ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய மாயமனிதன் புதினத்தை எடுத்துக்கொண்டு, அவர் எழுப்பும் வினா அந்தத் தோட்டத்துச் சிறுவன் எழுப்பிய அதே வினா! ஒளியை விழித்திரை தடுத்து ஏற்றால்தான் பார்வை உண்டு. முற்றும் மறைந்தவன் முழுக்குருடன். அறிவியல் பாடத்தில் நான் நடத்திய ஒளியும் விழியும் அவனுக்குப் பதிந்ததோ இல்லையோ, அந்தக் குப்பை அவனைச் சிந்திக்க வைத்துவிட்டது. நானோ அவனை உட்காரச் சொன்னேன்.

என் வாதம் இதுதான். ஒன்பது வயதுக் குழந்தை இரும்புக்கையை நம்புகிறது. பன்னிரண்டு வயதில் அதே குழந்தை அதைக் கண்டு நகைக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே ஏதோ ஒரு நாளில், படிப்பவன் என்னும் நிலையிலிருந்து மதிப்பிடுபவன் என்னும் நிலைக்கு அது ஏறிவிடுகிறது. ஓட்டையில்லாத நல்ல நூல் இந்த ஏற்றத்துக்கு எளிதில் இடந்தராது; குழந்தை அதில் கரைந்து போகும். ஓட்டை தெரியும் நூல், ஆனால் கீழே வைக்க மனம் வராத நூல், அதுவே ஏணியாகிறது. 'இது எப்படி முடியும்?' என்று குழந்தை தானாகக் கேட்கும் முதல் வினா இலக்கியத் திறனாய்வின் முதல் வினாவன்றி வேறென்ன?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் களன்களாகக் குறித்த நான்கனுள் பேதைமையும் ஒன்று, மடன் மற்றொன்று. அறியாமையால் விளைவது பேதைமை. மடனுக்கு உரையாசிரியர் தரும் விளக்கம் வேறு: பிறர் சொன்னதை ஆராயாது பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருத்தல். மாணவனின் நகைக்கு ஸ்பைடரின் பேதைமை களனாகிறது. நாம் எதற்குக் களனாகிறோம் என்பதை அடுத்து வரும் செய்தியைப் படித்துவிட்டு நண்பர்களே முடிவு செய்யட்டும்.

படக்கதை பிள்ளைகளைக் கெடுக்கும் என்னும் அச்சத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1948இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள ஸ்பென்சர் என்னும் ஊரில், பள்ளி ஆசிரியை ஒருவரின் மேற்பார்வையில் மாணவர்களே படக்கதைகளைக் குவித்துத் தீயிட்டனர். 1954இல் பிரெட்ரிக் வெர்தாம் என்னும் மனநல மருத்துவர், படக்கதைகளே இளங்குற்றவாளிகளை உருவாக்குகின்றன என்று நூலெழுதினார். அவ்வாண்டே அமெரிக்க மேலவையின் குழு விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் அஞ்சித் தமக்குத் தாமே தணிக்கை விதி வகுத்துக்கொண்டனர். மறு ஆண்டில் இங்கிலாந்தும் தீங்கான சிறுவர் வெளியீடுகளுக்கு எதிராகச் சட்டமியற்றியது. அமெரிக்கத் தணிக்கை விதி 2011இல்தான் முற்றிலும் கைவிடப்பட்டது. 2012இல் கேரல் டில்லி என்னும் நூலகவியல் அறிஞர் வெர்தாமின் ஆய்வுத் தாள்களைப் புரட்டி, அவர் தம்மிடம் வந்த சிறுவர்களின் கூற்றுகளைத் திரித்தும் கூட்டியும் குறைத்தும் தம் கொள்கைக்கேற்ப எழுதியிருந்ததை வெளிப்படுத்தினார். அடித்தளமே ஆட்டங்கண்டுவிட்டது. அந்தத் தளத்தின்மீது எழுப்பிய சுவரை மட்டும் நம் கூட்டங்களில் இன்னும் பூசிக்கொண்டிருக்கிறோம்.

"படக்கதை படித்தால் மொழி கெடும்" என்பார் உளர். மொழி கெடுவதைப் பற்றி நானும் கவலைப்படுபவன்தான். ஆகவே சில ஆண்டுகளுக்குமுன் ஆறாம் ஆண்டு வகுப்பில் பழைய படக்கதையின் நான்கு பக்கங்களைக் கொடுத்து, வலிமிகும் இடங்களில் நேர்ந்த பிழைகளைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். பயிற்றியில் கொடுத்தால் கொட்டாவி விடும் பிள்ளைகள், துப்பறிவாளரைப்போல் பென்சிலோடு பாய்ந்தனர். அச்சிட்டவரையே திருத்தும் பெருமிதம் அவர்கள் முகத்தில் தெரிந்தது. ஒரு மாணவி எழுந்து, தமிழ்ச்சொல் டகர மெய்யோடு தொடங்காது என்று கற்பித்தீர்களே, இங்கே 'டமால்' என்றும் 'டுமீல்' என்றும் இருக்கின்றனவே என்று கேட்டாள். ஒலிக்குறிப்புச் சொற்களைப் பற்றி அன்று நடந்த பாடம் நான் திட்டமிட்டதன்று. ஆயினும் அவ்வாண்டில் நான் நடத்திய இலக்கணப் பாடங்களுள் அதுவே சிறந்தது.

இனி, நாம் மனமுவந்து கொடுக்கும் நூல்களைப் பார்ப்போம். பொய் சொன்ன சிறுவன் மாலைக்குள் காலொடிந்து விழுகிறான். உண்மை பேசியவன் மறுநாளே பரிசு பெறுகிறான். இது இரும்புக்கையினும் நம்பத்தக்கதோ? வாழ்க்கை இப்படி நடப்பதில்லை என்பதைத் தோட்டத்துப் பிள்ளை நன்கறியும். அப்பனுடைய சம்பள நாளைக் கண்ட பிள்ளை அது. அந்நூல்களும் மோசமானவையே. ஒரே வேறுபாடு, அவற்றைப் பார்த்துச் சிரிக்க மாணவனுக்கு உரிமையில்லை. பின்னால் ஆசிரியர் நிற்கிறார். எனவே அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பின்னட்டையிலுள்ள சுருக்கத்தை வாசிப்புப் பதிவேட்டில் பெயர்த்தெழுதி, 'இந்நூல் எனக்கு மிகவும் பிடித்தது' என்று முடிக்கிறான். எந்த நூல் அவனுக்குப் பொய் கற்பித்தது?

எல்லாப் படக்கதைகளையும் நான் தாங்கிப் பேசுவதாக எண்ண வேண்டா. 1936இல் லீ ஃபால்க் தொடங்கிய முகமூடி வீரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காட்டில் புலியும் சிங்கமும் ஒன்றாக உலவும். அதைக் கண்டு சிரிக்கலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரு வெள்ளைக் குடும்பம் அக்காட்டு மக்களைக் காப்பதும், அவர்கள் கைகட்டி நிற்பதும் சிரிப்புக்குரியவை அல்ல. நம் பாட்டன்மார் தோட்டத்துரையின் முன்னால் நின்ற நிலையும் அதுதானே. அத்தகைய நூலை ஆசிரியர் உடனிருந்து படிப்பிக்க வேண்டும். அல்லது எடுத்துவைக்க வேண்டும். மனிதரை இழிவுபடுத்தும் நூலை விலக்குவது வேறு; அறிவுக்குப் பொருந்தாத நூலை விலக்குவது வேறு. கூட்டத்தில் விரிக்கப்பட்ட நூலின்மீது சுமத்தப்பட்ட குற்றம் இரண்டாவதுதான்.

மற்றொரு சாராரையும் சொல்லாமல் விட இயலாது. பழைய படக்கதைகளைப் பெருவிலை கொடுத்து வாங்கிக் கண்ணாடித்தாளில் பொதிந்து வைத்துக்கொண்டு, அவை காவியங்கள் என்று சாதிக்கும் என் வயதினர் அவர்கள். காவியங்கள் அல்ல, ஐயா! ஸ்பைடர் கதைகள் 2021இல் இங்கிலாந்தில் மீண்டும் நூலாக வந்ததும் அவை காவியம் என்பதாலன்று. கண்ணாடித்தாளைக் கிழித்து நூலைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்; அவர்கள் சிரித்துச் சிரித்தே அதன் மதிப்பைச் சொல்லிவிடுவார்கள்.

ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இந்நாட்டில் உள்ளன. தேர்வுக்காகவன்றித் தமிழை விரும்பிப் படிக்கும் மாணவர் எத்தனை பேர் என்று அவரவர் பள்ளியை நினைத்து அவரவரே எண்ணிப் பார்க்கட்டும். லாட் 1979இல் வெளியிட்ட 'கம்போங் பாய்' போன்றதொரு நல்ல படக்கதை மலாய்ப் பிள்ளைகளுக்கு வாய்த்தது. நம் தோட்டத்தையும் ஆற்றையும் ரப்பர்க் காட்டையும் அவ்வாறு வரைந்து கொடுக்க ஒருவர் வரட்டும். முதல் படியை நான் வாங்குகிறேன். அவர் வரும்வரை, பிள்ளைகள் தாமாகக் கைநீட்டி எடுக்கும் தமிழ் நூலைத் தட்டிப் பறிப்பதற்கு நமக்கு என்ன உரிமை?

அந்தத் தீர்மானம் அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வருகிறது. நான் எதிர்த்து வாக்களிப்பேன். போகும்போது, அன்று பறித்துப் பூட்டிய அதே நூலை எடுத்துச் செல்லவிருக்கிறேன். இத்தனை இடமாற்றங்களிலும் அது என்னுடனேயே வந்திருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் அந்த மாணவன் பென்சிலால் தன் பெயரையும் வகுப்பையும் எழுதி, கீழே 'தொலைந்தால் திருப்பிக் கொடுக்கவும்' என்று குறித்திருக்கிறான்.