தபாலில் வரும் புத்தகம்

மாதம் ஒரு புத்தகம் தபாலில் வரும், தள்ளுபடி உண்டு, சந்தா கட்டிச் சேரலாமா என்று மாணவத் தோழர்கள் கேட்கிறார்கள். வங்கியில் கணக்கெழுதுகிறவன் நான். தபால் செலவையும் கூட்டிப் பாருங்க, தள்ளுபடியில் பெரிசா ஒண்ணும் மிஞ்சாது. உதவித்தொகைக்குக் காத்துக் கிடக்கும் விடுதி மாணவனுக்கு, வேண்டாத புத்தகத்துக்குப் போன காசு ஊருக்குப் போய்வர வைத்திருந்த பஸ் காசு.

அதைவிட, புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கிறது யாரு? 1936இல் லண்டனில் விக்டர் கொலான்ஸ் தொடங்கிய இடதுசாரி நூல் கழகத்திலேயே மூன்று பேர்தான் முடிவு செய்தார்கள். மாதத் தேர்வை உறுப்பினர் வாங்கியே தீரணும். அதே 1936இல், லாகூர் மண்டலத்தார் மாநாட்டையே ரத்து செய்த தன் உரையை, 'சாதி ஒழிப்பு' நூலாக அம்பேத்கர் கைக்காசில் அச்சடித்தார். எந்தத் தேர்வுக் குழுவுக்கும் காத்திருக்கவில்லை. 1500 பிரதி இரண்டே மாதத்தில் தீர்ந்தது. (எட்டணா அதிகம், குறைக்கலாம் என்று காந்தி எழுதியது தனிக்கதை.)

ஆனால் அந்த லண்டன் கழகத்தார் ஊர் ஊராகக் கூடி, வந்த புத்தகத்தை விவாதித்தார்கள். அதை எடுத்துக்கொள்வோம். தனியாளாகச் சேர்ந்து அலமாரியை நிரப்ப வேண்டாம். விடுதியில் பத்துப் பேர் காசு போட்டு, எந்தப் புத்தகம் என்று நீங்களே சண்டை போட்டு முடிவெடுத்து, பதிப்பகத்துக்கு நேரா எழுதி வரவழையுங்கள். கட்டைப் பிரித்த அன்றைக்கே ஒருத்தர் உரக்க வாசிக்கட்டும். பதினோராவது பங்கு என்னுடையது, விடுதி முகவரியை எழுதுங்க.