மீந்த துண்டுகள் வீணாகலாமா?

ஐயாயிரம் பேருக்கு உணவளித்த பின் இயேசு செய்த ஒரு காரியத்தை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மீந்த துண்டுகள் எதுவும் வீணாகாதபடி சேர்த்து வைக்குமாறு சீடர்களிடம் கூறினார் (யோவான் 6:12). அப்பத்தைப் பலுகச் செய்தவரே சிக்கனத்தையும் கற்பித்தார். கார் தொழிற்சாலைகள் ஆற்றலைச் சேமிக்க எடுக்கும் முயற்சிகளைப் பார்க்கும்போது இந்த நற்செய்திக் காட்சியே நம் நினைவுக்கு வருகிறது.

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார் ஆலைகள் இயங்குகின்றன. நம் பங்குகளின் இளைஞர்கள் பலர் ஷிப்ட் பேருந்துக்காகச் சாலையோரம் காத்து நிற்கிறார்கள். ஆனால் ஒரு கார் உருவாகும்போது ஆற்றல் எங்கே செலவாகிறது என்று நாம் யோசித்ததுண்டா?

அதிகமாக விழுங்குவது பெயிண்ட் ஷாப். பல ஆலைகளில் மொத்த ஆற்றலில் ஏறக்குறைய பாதி அங்கேயே செலவாகிறது. தூசியில்லாத காற்றை, குறிப்பிட்ட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும், ஓயாமல் உள்ளே செலுத்த வேண்டும். நம் கடலோரப் புழுக்கத்தில் இது எளிதல்ல. பிறகு 130 டிகிரிக்கும் மேலான சூட்டில் பூச்சை உலர்த்த வேண்டும். இப்போது சில ஆலைகள் அதே காற்றை வடிகட்டி மீண்டும் பயன்படுத்துகின்றன. ஒரு பூச்சு உலரும் முன்பே அடுத்ததைப் பூசி, இடையில் இருந்த ஓர் அடுப்பையே நீக்கிவிட்டவையும் உண்டு.

இன்னொன்று, கருவிகளை இயக்கும் அழுத்தக் காற்று. சரியாகப் பராமரிக்காத ஆலைகளில் 20 முதல் 30 சதவீதம் வரை குழாய்க் கசிவிலேயே போய்விடும். இதைச் சரிசெய்யக் கோடிகள் தேவையில்லை. இயந்திரங்கள் ஓய்ந்த நேரத்தில் 'உஸ்' என்ற சத்தத்தைக் கண்டுபிடிக்கும் காதும், இணைப்பை இறுக்கும் கையும் போதும். அந்தக் காதும் கையும் தொழிலாளியுடையவை.

அனல்மின் நிலையம் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையே மின்சாரமாக்குகிறது. எனவே ஆலையில் ஒரு யூனிட் மிச்சமானால், அங்கே மூன்று யூனிட் வெப்பத்துக்கான நிலக்கரி மிச்சமாகிறது. இது வெறும் கணக்கு அல்ல. வடசென்னையில் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்து, எண்ணூர் மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்திருக்கிறது. நாம் வீணாக்கும் மின்சாரத்துக்கான விலையை அவர்களும் கொடுக்கிறார்கள்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் (எண் 180), ஆற்றலை மிகச் சிக்கனமாகப் பயன்படுத்தும் உற்பத்தி முறைகளை ஊக்குவிக்க வேண்டும் என்கிறார். ஆகவே இம்முயற்சிகளை நாம் மனதார வரவேற்கிறோம்.

ஆனாலும் இரண்டு கேள்விகளைக் கேட்காமல் இருக்க முடியாது. இயந்திரங்கள் சிக்கனமானால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடவே செய்யும் என்று 1865இலேயே ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜெவன்ஸ் எச்சரித்தார். ஒரு காருக்கு இவ்வளவு மிச்சம் என்று ஓர் ஆலை அறிக்கை வெளியிடலாம். ஆனால் கார்களின் எண்ணிக்கை இரட்டிப்பானால் பூமிக்கு என்ன மிச்சம்? அடுத்து, அந்த மிச்சம் யாருக்குப் போகிறது? கசிவைக் கண்டுபிடித்த காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அதில் பங்கு உண்டா? மாறாக, வெக்கையில் வேலை செய்பவரின் மின்விசிறியை நிறுத்தி மிச்சம் பிடித்தால், அது சிக்கனம் அல்ல, அநீதி.

அன்று சீடர்கள் பன்னிரண்டு கூடைகளை நிரப்பினார்கள். அவை யாருக்குச் சென்றன என்று நற்செய்தி கூறவில்லை. ஒருவேளை, அந்தப் பதிலை நம்மிடம் விட்டுவிட்டதோ! பூசை முடிந்து எல்லாரும் போன பிறகும் ஆலயத்தில் மின்விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தால், ஆலைகளைக் கேள்வி கேட்க நமக்கு என்ன தகுதி? வரும் ஞாயிறு அந்த சுவிட்சிலிருந்து தொடங்குவோம்.