சுவர் அதிர்ந்தால் போதுமா? சொல் கேட்க வேண்டாமா?

வீட்டிற்கு ஒலிக்கருவி வாங்கப் புறப்படும் நம்மவரிடம், கையிலுள்ள பணத்திற்கு ஈக்குவலைசரா, சப்வூஃபரா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் தயக்கமின்றிச் சப்வூஃபர் என்பார்கள். ‘பேஸ்’ இல்லாவிட்டால் அது என்ன பாட்டு என்பது அவர்கள் வாதம். நம் வரவேற்பறைகளிலும் மகிழுந்துகளிலும் இவ்வாதமே கோலோச்சுகிறது. தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில் இதை வன்மையாக மறுக்கிறேன்.

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்க வல்லது. அதன் அடித்தட்டை, பொதுவாக 80 முதல் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை மட்டும், முழக்குவதற்கென்றே உள்ள தனிப்பெட்டிதான் சப்வூஃபர். ஈக்குவலைசரோ புதிதாக எந்த ஒலியையும் உண்டாக்குவதில்லை. இருக்கும் ஒலியில் எப்பகுதியைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று பகுத்துச் சீர்செய்கிறது.

இனிப் பேச்சொலிக்கு வருவோம். ஆண்குரலின் அடிப்படை அதிர்வே ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிட மிக உயர்வு. சொல்லைச் சொல்லாகப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் வாழ்கின்றன. நம் லகர, ளகர, ழகர வேறுபாட்டைச் செவி உணர்வதும் ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான். பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியது. அதில் ஊர்க்கதை முழுவதும் பேசி முடித்தோமே! ஆகப் பேச்சுத் தெளிவுக்குச் சப்வூஃபர் தருவது ஏதுமில்லை.

தராதது மட்டுமன்று, பறிக்கவும் செய்கிறது. உரத்த தாழொலி தனக்கு மேலுள்ள ஒலிகளை மறைக்கும் என்பது செவியியல் கண்ட உண்மை. பாடலில் வந்தது ‘பள்ளி’யா, ‘பல்லி’யா என்று தெரியாமல் தாளம் மட்டும் வயிற்றில் இடிக்கிறது. நம் பிள்ளைகளில் பலருக்கு வகுப்பறைக்கு வெளியே செவியில் விழும் திருத்தமான தமிழ், வானொலிச் செய்தியும் பாட்டும்தான். அங்கும் சொல் கேட்காவிட்டால்? (பிள்ளைகளின் உச்சரிப்புக் குறை அனைத்திற்கும் சப்வூஃபரே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. பள்ளியின் பங்கும் உண்டு.)

மேலும், நம்மில் பலர் வரிசை வீடுகளில் வாழ்கிறோம். இடையில் இருப்பது ஒரே செங்கல் சுவர். உயரொலியை அது ஓரளவு தடுக்கும். ஏறத்தாழ 7 மீட்டர் அலைநீளமுள்ள 50 ஹெர்ட்ஸ் ஒலியை அவ்வாறு தடுக்க இயலாது. தீபாவளியன்று பொறுத்துக்கொள்ளும் மலாய், சீன அண்டை வீட்டார் ஆண்டு முழுதும் ஏன் பொறுக்க வேண்டும்?

தவிலும் உறுமியும் உயிரோடு ஒலிக்க வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 3 அங்குல ஒலிபெருக்கியிலிருந்து 40 ஹெர்ட்ஸை எந்த ஈக்குவலைசராலும் வரவழைக்க முடியாது. 10 டெசிபல் கூட்டினால் பத்து மடங்கு மின்திறன் வேண்டும். பாவம், ஒலிபெருக்கிதான் கெடும். மேளத்தில் மனம் தோய்ந்தவர் சப்வூஃபர் வாங்கட்டும். 80 ஹெர்ட்ஸில் வரம்பு கட்டி, அது இருப்பதே தெரியாத அளவில் வைக்கட்டும். ஆனால் அது இரண்டாவது செலவு.

முதல் செலவு பலருக்குச் செலவே அன்று. இன்றைய தொலைக்காட்சிகள் பலவற்றிலும் கைப்பேசிகளிலும் ஈக்குவலைசர் உள்ளேயே இருக்கிறது. திறந்து பார்ப்பவர்தாம் குறைவு. திறப்பவரிலும் சிலர் இரு ஓரங்களை உயர்த்தி நடுவைத் தாழ்த்தி, சிரிக்கும் வாய்போல் ஆக்கிவிடுகின்றனர். பேச்சு குடியிருக்கும் இடமே அந்த நடுப்பகுதிதானே! முதலில் 100, 200 ஹெர்ட்ஸ் பட்டைகளைச் சற்றுக் குறையுங்கள். அது போதாவிட்டால் மட்டும் 2,000, 3,000 அருகே இரண்டு மூன்று டெசிபல் கூட்டுங்கள். பிறகு வானொலிச் செய்தியை ஒலிக்கவிட்டு, பிள்ளையை அறையின் மறுகோடியில் அமர்த்தி, சொல்வதெழுதுதல் செய்யச் சொல்லுங்கள். எந்தப் பட்டையை எங்கே நிறுத்துவது என்பதை அந்த ஐந்து வரிகளே காட்டிவிடும்.