கொட்டையைப் பார், மரத்தை அறி, பிறகு கோடாரியை எடு!

"அண்ணே, ராத்திரி முழுக்கத் தகரத்து மேல டப்பு டப்புன்னு கொட்டை விழுது. பிள்ளை திடுக்கிட்டுத் திடுக்கிட்டு எழுந்திரிக்குது. அந்த மரத்தை வெட்டிப் போட்டா பொங்கலுக்கு விறகாவது ஆகுமில்ல?"

அம்பாங் வட்டாரத்தில் குடியிருக்கும் தோட்டத்துத் தாயார் ஒருவர் அண்மையில் நம்மிடம் கேட்ட கேள்வி இது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. அடுப்படிக்குக் கேஸ் தோம்பு வந்துவிட்டாலும், பொங்கலுக்கும் கோயில் திருவிழாச் சமையலுக்கும் கல்யாணம் கருமாதிக்கும் நம் வாசலில் இன்னமும் விறகடுப்புத்தான் எரிகிறது. வாசலிலேயே மரம் நிற்கும்போது விறகை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

ஆனால், "அது என்ன மரம்மா?" என்று நாம் திருப்பிக் கேட்டபோது, "என்ன மரமோ அண்ணே, கொட்டை கொட்டுற மரம்" என்றுதான் பதில் வந்தது. நேரில் போய்ப் பார்த்தோம். மூன்று அறையாக வெடித்த காயின் தோடுகளும், பளபளவென்று பழுப்புப் புள்ளி போட்ட கொட்டைகளும் முற்றமெல்லாம் சிதறிக் கிடந்தன. ரப்பர் மரமேதான்!

தோழர்களே, நமக்குச் சிரிப்பு வரவில்லை, நெஞ்சு கனத்தது. அந்தத் தாயாரின் அம்மாவும் பாட்டியும் விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடி, பால்மரம் சீவிப் பிழைத்தவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. பால்மரத்தால் வாழ்ந்த பரம்பரைக்கே பால்மரத்தின் அடையாளம் தெரியாமல் போய்விட்டது!

நம்மைக் கப்பலேற்றிக் கொண்டுவந்ததே இந்தக் கொட்டைதான். 1876-இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர்க் கொட்டைகளை லண்டனுக்கு அனுப்பினார். அவற்றில் முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. சில கோலகங்சாரில் நடப்பட்டன. அதன் பிறகு எழுந்த தோட்டங்களுக்குத்தான் நம் பாட்டன், பூட்டன்மார் ஆள்கட்டப்பட்டு வந்தார்கள்.

கொட்டையின் மேல்தோட்டில் உள்ள புள்ளிக்கோலம் தாய்மரத்தின் சொத்து. அதனால்தான் பழகியவர்கள் கொட்டையைப் பார்த்தே அது எந்த இன மரம் என்று சொல்லிவிடுவார்கள். 1925-இல் தொடங்கி, அம்பாங் சாலையில் நிலைகொண்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ‘ஆர்.ஆர்.ஐ.எம். 600’ போன்ற இனங்களையும் இப்படித்தான் பிரித்தறிந்தார்கள். இது படித்தவர்கள் வித்தை மட்டுமல்ல. நம் தண்டல்மாரும் அறிந்த வித்தைதான்.

அடையாளத்தை மனத்தில் வையுங்கள். ஒரே காம்பில் மூன்று இலை. மூன்று அறைக் காய். கீறினால் வெள்ளைப் பால். மூன்றும் சேர்ந்திருந்தால் அது ரப்பர். அதன் விறகு நல்ல விறகு. ரப்பர்த் தகடுகளைப் புகைபோட்டதும், செங்கல் சூளைகளை எரித்ததும் அந்த விறகுதான். இப்போது அதே கட்டை மேசை நாற்காலியாகிக் கப்பலேறுகிறது. வெட்டிய கையோடு பிளந்து காயவைக்க வேண்டும். போட்டு வைத்தால் நீலம் பாய்ந்து வண்டு துளைத்துவிடும். கொட்டையை மட்டும் பிள்ளைகள் வாயில் வைக்க விடாதீர்கள். பச்சைக் கொட்டையில் சயனைடு நஞ்சு உண்டாகும். நாம் படித்த தோட்டப் பள்ளியில் கொட்டையைச் சிமிட்டித் தரையில் தேய்த்துப் பக்கத்துப் பையனுக்குச் சூடு வைத்து விளையாடினோம். அதைத் தின்று பார்த்த ஒருவன் வாந்தியெடுத்துத் துவண்டதையும் கண்டோம்.

"பால் வடியுது, அப்ப இது ரப்பர்தான்" என்று மட்டும் முடிவுகட்ட வேண்டாம். சாலையோரங்களில் நிற்கும் பொங்பொங் மரத்துக்கும் வெள்ளைப் பால்தான். அதன் இலை ஒற்றை இலை. காய் பச்சை மாங்காயைப் போல இருக்கும். உள்ளிருக்கும் பருப்பு இதயத்தையே நிறுத்தும் நஞ்சு. அந்தக் கட்டை நம் அடுப்புக்கு வேண்டாம். ரெங்காஸ் மரம் அதைவிடப் பொல்லாதது. வெட்டிய இடத்தில் சாறு கறுத்துப் போகும். பட்டால் தோல் கொப்பளிக்கும். அதன் புகைகூட ஆகாது. முந்திரிக் கொட்டையின் ஓட்டையும் அடுப்பில் போடாதீர்கள். அதன் எண்ணெயும் புகையும் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். சம்பாலுக்கு அரைக்கும் புவா கெராஸ் மரத்தின் கட்டை மெதுவானது. வெட்டுகிற கூலிக்குக்கூட எரியாது.

இன்னொன்று. மறுநடவுக்காக மருந்து வைத்துக் கொல்லப்பட்ட மரத்தை ஒருபோதும் விறகாக்காதீர்கள். ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் ஆர்செனிக் கலந்த மருந்தை வைத்தே கிழமரங்களைக் கொன்றார்கள். மருந்து குடித்த கட்டையின் புகை சோற்றுப் பானையோடு நிற்காது.

சரி, ரப்பர்தான் என்று தெரிந்துவிட்டது. உடனே கோடாரியைத் தூக்கலாமா? கூடாது! தோட்டத்து மரம் நிர்வாகத்தின் சொத்து. கேட்காமல் வெட்டினால் திருட்டுப் பட்டம் கட்ட ஆள் காத்திருக்கிறது. ஊராட்சி எல்லைக்குள் 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை எழுத்து அனுமதியின்றி வெட்டக்கூடாது என்று 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டம் சொல்கிறது. செத்த மரத்துக்கும், உடனடி ஆபத்து தரும் மரத்துக்கும் விலக்கு உண்டு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டிய நிலை நமக்கு வந்துவிடும். ஆகவே முன்கூட்டியே கேட்பதுதான் புத்தி.

அந்தத் தாயாரின் மரம் கூரைக்கும் மின்கம்பிக்கும் மேலே சாய்ந்து நிற்கிறது. அதை அவர் கணவர் ஞாயிற்றுக்கிழமை பாராங் கத்தியோடு ஏறி வெட்டுவதாக இருந்தார்! கால் தவறினால் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுவது யார்? குடியிருப்பின் மேல் சாயும் மரத்தை அகற்றுவது நிலத்துக்கு உடையவரின் கடமை. எழுத்தில் கேளுங்கள், தேதி போடுங்கள், நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாமல் தோட்டக் கமிட்டியோடு போங்கள். வெட்டிய கட்டையை விறகுக்குத் தரும்படியும் அதே கடிதத்தில் கேளுங்கள். கேட்பது பிச்சையல்ல, அந்த மரத்துக்கு வேர்வை ஊற்றியது நம் இனம்.

பிள்ளைகளை இந்த வாரம் முற்றத்துக்குக் கூட்டிப் போங்கள். ஒரு கொட்டையைக் கையில் கொடுத்து, "இதுதான் நம் பாட்டியை வாழவைத்த மரத்தின் கொட்டை, வாயில் மட்டும் வைக்காதே" என்று சொல்லுங்கள். மரத்தை அறிந்தவன் கை கோடாரியைத் தொடுமுன் யோசிக்கும். ஒற்றுமையை அறிந்தவன் கடிதத்தைத் தனியாக எழுத மாட்டான்.