ஆடிக் கூழும் அம்மாவின் அளவும்



ஆடி பிறந்துவிட்டால் வட சென்னையில் வேப்பிலைத் தோரணம் கட்டாத தெருவைக் காண்பது அரிது. பேசின் பிரிட்ஜில் நாங்கள் குடியிருக்கும் தெருவிலும் சிறியதோர் அம்மன் கோயில் உண்டு. ரயில்வேயில் பணியாற்றிய என் தந்தையார் இங்குக் குடிவந்த நாள்முதல், ஆடி ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்த்தலுக்கு எங்கள் வீட்டிலிருந்தும் ஒரு குடம் செல்வது வழக்கம். மஞ்சள் பூசி வேப்பிலை கட்டிய குடங்கள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வரும். எல்லாவற்றையும் கோயில் வாசலில் உள்ள பெரிய அண்டாவில் ஊற்றி, அன்னைக்குப் படைத்த பின் அனைவருக்கும் வழங்குவர். எவர் வீட்டுக் கூழ் எவர் சொம்பில் வந்தது என்று யாரும் அறியார்.

ஜமதக்னி முனிவர் மறைந்தபோது தீயில் இறங்கிய ரேணுகாதேவி, மழை பொழிந்து தீ அணைய, வெந்த மேனியுடன் எழுந்தாள் என்பது புராண வரலாறு. வேப்பிலையை ஆடையாக உடுத்து, பசியோடு ஊருக்குள் வந்த தேவிக்கு மக்கள் பச்சரிசி மாவும் வெல்லமும் இளநீரும் அளித்தனராம். பசித்து வந்தவளுக்கு வீட்டில் இருந்ததைக் கொடுத்த அந்த நிகழ்ச்சியின் நினைவாகவே கூழ் வார்க்கிறோம் என்று பெரியோர் கூறுவர்.

எங்கள் இல்லத்தில் கூழ் காய்ச்சுவது அம்மாவின் தனி உரிமை. அளவெல்லாம் கண்ணிலும் கையிலும்தான். கும்பகோணத்திலிருந்து மணமாகி வந்த என் மனைவி பலமுறை கேட்டதுண்டு. “அடுத்த ஆடிக்குச் சொல்லித் தரேன், இப்போ நீ குடத்துக்கு மஞ்சள் பூசு” என்பார் அம்மா. வங்கியில் பேரேட்டின் கடைசிப் பைசா வரை சரிபார்த்து எழுதிய நான், அம்மாவின் அளவை ஒருநாளும் எழுதி வைத்தேனில்லை.

அம்மா மறைந்து ஓராண்டு நிறைந்தபின் ஆடி வந்தது. குடத்தை நிறுத்திவிட மனம் ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை மாலை என் மனைவி கொதிநீரில் மாவைக் கொட்டிக் கிளறிப் பார்த்தாள். கட்டி கட்டியாயிற்று, புளிப்பும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கண் கலங்கி நின்றாள். வேறு வழியின்றி, இரண்டு வீடு தள்ளியிருக்கும் அம்மையார் ஒருவரை அழைத்து வந்தேன்.

பாத்திரத்தைப் பார்த்ததும், “முந்தின ராத்திரியே மாவைக் கரைச்சு வைக்கலியா அண்ணே?” என்றார் அவர். மணமாகி இத்தெருவுக்கு வந்த முதல் ஆடியில், எங்கள் அம்மாவின் அருகில் அமர்ந்து கற்றுக்கொண்டவராம். அம்மா சொன்னதை வரி பிசகாமல் சொன்னார். இம்முறை நான் எழுதிக்கொண்டேன்.

கேழ்வரகு மாவு ஓர் ஆழாக்கு என்றால் தண்ணீர் மூன்று ஆழாக்கு. கட்டியின்றிக் கரைத்து, மூடி, இரவு முழுவதும் புளிக்க விடுக. மறுநாள் கால் ஆழாக்கு நொய்யரிசியை மூன்று ஆழாக்குத் தண்ணீரில் குழைய வேகவைக்க வேண்டும். பிறகு தணலைக் குறைத்து, புளித்த மாவைச் சிறுகச் சிறுக ஊற்றி, கை ஓயாமல் கிண்டுக. ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதமே சரியான பதம். உப்பிட்டு இறக்கி ஆறவிட்டு, அடுத்த நாள் மோரில் கரைத்துச் சின்ன வெங்காயம் சேர்த்துப் பருகலாம். ஆழாக்கு இல்லாதவர் ஒரே கிண்ணத்தால் அளந்தால் போதும். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு என்பதால் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் உகந்த உணவு இது.

அன்றிரவே மாவைக் கரைத்து வைத்தோம், சனிக்கிழமை காய்ச்சினோம். ஞாயிறன்று எங்கள் குடமும் கோயிலுக்குச் சென்றது.

எங்கள் அலமாரியில் என் மனைவி சீதனமாகக் கொண்டுவந்த ‘சமைத்துப் பார்’ நூல் இருக்கிறது. எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951இல் வெளிவந்த நூல். உறவுப் பெண்கள் அவரிடம் கடிதம் எழுதிச் செய்முறை கேட்டவண்ணம் இருந்ததால், அவற்றைப் புத்தகமாகவே எழுதிவிடுமாறு அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர் யோசனை கூறினார் என்பர். கேட்டவர்க்குச் சொல்லிய பதில்கள் தலைமுறைகளைத் தாண்டி வந்துவிட்டன.

வங்கிப் பெட்டகத்தில் வைத்த நகைக்கு வட்டி கிடையாது. பத்திரமாக இருக்கும், அவ்வளவே. சமையல் பக்குவத்துக்கு அந்தப் பத்திரமும் இல்லை. வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த எங்களிடம் அது தங்கவில்லை. அம்மா அடுத்த வீட்டுக்குக் கொடுத்ததே எங்களுக்குத் திரும்பி வந்தது.

இந்த ஆடியில் உங்கள் இல்லத்து மூத்தவர் அருகில் ஒரு நோட்டுடன் அமருங்கள். அவர் கை அள்ளுவதை ஒரு கிண்ணத்தில் இட்டு அளந்து எழுதுங்கள். எழுதியதைப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். அடுத்த வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அன்னையின் அருளால் எந்த வீட்டுக் குடமும் நில்லாதிருக்கட்டும்.