‘தகுதி’ என்பது 570 சொற்களா?

முதல் தலைமுறையாக முனைவர் பட்ட ஆய்வுக்கு வரும் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களைப் பற்றிப் பல்கலைக்கழகங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: “பையனுக்கு விஷயம் இருக்கு, ஆனா லாங்குவேஜ் இல்லை.” கேட்பதற்கு அக்கறை போலத்தான் இருக்கும். நேர்காணலில் மதிப்பெண் குறைவதும், ஆய்வுச் சுருக்கம் திரும்பி வருவதும், கட்டுரை நிராகரிக்கப்படுவதும் இதன் பெயரால்தான் நடக்கின்றன. என்னுடைய ஆய்வுச் சுருக்கமும் ஒருமுறை அப்படித் திரும்பி வந்தது. தரவைப் பற்றியோ வாதத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. மொழி தரமாக இல்லை என்ற ஒற்றை வரி மட்டும். எந்தப் பத்தியில், என்ன குறை, எப்படித் திருத்துவது என்று கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை.

அந்த ‘லாங்குவேஜ்’ என்பது என்ன என்று நாமாவது பிரித்துப் பார்க்க வேண்டும். கல்விப்புலத்தில் அன்றாடம் புழங்கும் சில நூறு ஆங்கிலச் சொற்களும், இரண்டு பொருள்களை ஒப்பிட்டு வேறுபடுத்தி எழுதும் முறையும்தான் அதில் பெரும்பகுதி. இரண்டும் கற்றுத்தரக் கூடியவை. கற்றுத்தராமலே அவற்றைத் தேர்வில் கேட்கிறார்கள் என்பதுதான் நம் புகார்.

துறைச்சொற்கள் நம் பிள்ளைகளைத் தடுப்பதில்லை. வேதியியல் மாணவர் ‘கேட்டலிஸ்ட்’ என்பதையும் பொருளியல் மாணவர் ‘இன்ஃப்ளேஷன்’ என்பதையும் வகுப்பிலேயே படித்துவிடுகிறார். தடுப்பவை, தெருவில் ஒரு பொருளும் ஆய்வேட்டில் வேறு பொருளும் கொண்ட சொற்கள். நமக்கு ‘டிசிப்ளின்’ என்றால் ஒழுக்கம், பிரம்போடு நிற்கும் தலைமையாசிரியர். இங்கே அது ஆய்வுத்துறை. ‘லிட்டரேச்சர்’ என்றால் கதை, கவிதை. இங்கே ஒரு தலைப்பில் இதுவரை வந்த ஆய்வுகள். ‘ஆர்க்யூ’ பண்ணுவது என்றால் பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது; இங்கே சான்று காட்டி ஒரு கருத்தை நிறுவ முயல்வது. ‘கிரிட்டிக்கல்’ என்றால் ஐசியூ வாசலில் டாக்டர் சொல்வது. இங்கே ஒரு கருத்தை அப்படியே விழுங்காமல் சோதிப்பது. பேராசிரியர் வீட்டுப் பிள்ளை இச்சொற்களைச் சாப்பாட்டு மேசையில் கேட்டு வளர்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ் வாங்கி வந்த பிள்ளைக்கு அந்த மேசை இல்லை. வகுப்பறையிலும் அது கிடைக்காவிட்டால் வேறு எங்கே போவது?

இந்தச் சொற்கள் எண்ணிலடங்காதவையும் அல்ல. நியூசிலாந்தின் வெலிங்டனில் உள்ள விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டார். கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு புலங்களின் எழுத்துகளிலிருந்து சுமார் 35 லட்சம் சொற்களைத் திரட்டி, பொதுவாகப் புழங்கும் அடிப்படைச் சொற்களைக் கழித்து, எல்லாப் புலங்களிலும் திரும்பத் திரும்ப வருபவற்றை எடுத்தார். கிடைத்தவை 570 சொற்குடும்பங்கள். கல்விசார் எழுத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இவையே அடைத்துக்கொள்கின்றன. நாளுக்கு மூன்று வீதம் படித்தால் 190 நாள். ஆறு மாதத்தில் சொல்லித்தரக் கூடிய ஒன்றைப் பிறவித் தகுதி போலக் காட்டுவதைச் சாதியம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

ஒப்பிடும் முறைக்கு வருவோம். ‘கம்பேர் அண்ட் கான்ட்ராஸ்ட்’ என்ற கேள்வியைக் கண்டு தமிழ்வழி மாணவர்கள் பலர் திகைக்கிறார்கள். உண்மையில் அது அவர்களுக்குப் புதிதல்ல. ‘வேறுபடுத்துக’ என்றால் பள்ளியில் தாளின் நடுவே கோடு கிழித்து இரண்டு பக்கமும் எழுதியவர்கள்தானே நாம்? தமனி ஒரு பக்கம், சிரை மறுபக்கம். ஆய்வுக் கட்டுரையில் அந்தக் கோடு கிடையாது. கோட்டின் வேலையைச் சொற்கள் செய்ய வேண்டும். ஒற்றுமைக்கு ‘சிமிலர்லி’, ‘லைக்வைஸ்’. வேற்றுமைக்கு ‘வேர்ஆஸ்’, ‘இன் கான்ட்ராஸ்ட்’, ‘அன்லைக்’. இப்படிப் பதினைந்து இருபது சொற்கள் போதும். அதைவிட முக்கியமானது, எந்த அடிப்படையில் ஒப்பிடுகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது. ‘கிரைட்டீரியா’ என்ற சொல்லுக்கு ஆய்வேட்டில் அவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான்.

ஞாயிறு மாலைகளில் நாங்கள் சில ஆய்வு மாணவர்கள் கூடி இதைப் பழகுகிறோம். ஒரு ஆய்விதழ்க் கட்டுரையில் ஒரு பக்கம் எடுத்து, துறைச்சொற்களை விட்டுவிட்டு மற்றவற்றை அடிக்கோடிடுவோம். நோட்டில் மூன்று பத்தி: சொல், தெருவில் அதன் பொருள், ஆய்வில் அதன் பொருள். பிறகு ஆளுக்கு ஒரு ஒப்பீடு எழுத வேண்டும். ஒரு மாணவி தன் கிராமத்து மயானங்களை எடுத்துக்கொண்டார். ஊருக்கும் மயானம் உண்டு, காலனிக்கும் மயானம் உண்டு, இது ‘சிமிலர்லி’. ஊர் மயானத்துக்குத் தார்ச்சாலை போகிறது, காலனிப் பிணம் வயல் வரப்பில் போகிறது, இது ‘வேர்ஆஸ்’. அரசுக் கோப்பில் ‘இரண்டு மயானங்கள்’ என்று மட்டும் இருந்தால் சமத்துவம் நிலவுவதாகத் தோன்றும். பாதை என்ற அடிப்படையைச் சேர்த்ததும் சாதி தெரிந்துவிடுகிறது. அன்று அங்கிருந்த யாருக்கும் அந்தச் சொல் இனி மறக்காது.

இதில் நமக்கு முன்னோடி அண்ணல் அம்பேத்கரே. 1916 மே மாதம், 25 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரையை வாசித்தார். செனார்ட், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகிய நால்வரின் வரையறைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்று காட்டுகிறார். தீட்டு சாதிக்கே உரிய தனித்தன்மை அல்ல என்கிறார். வெளியாரோடு உண்ணாமை சாதியின் விளைவே ஒழியக் காரணம் அல்ல என்கிறார். கேட்கர் சொல்லும் இரண்டு கூறுகளும் உண்மையில் ஒன்றே என்று காட்டி, அகமணமே சாதியின் சாரம் என்ற முடிவுக்கு வருகிறார். பிற்காலத்தில் புத்தரையும் மார்க்சையும் எதிரெதிரே வைத்ததும் இதே முறைதான். ஒப்பீடு அவர் கையில் தேர்வுக்கான பயிற்சியாக இருக்கவில்லை, சாதியை உடைத்துப் பார்க்கும் கருவியாக இருந்தது.

இந்தக் கருவியால் ‘தகுதி’யையும் சோதிப்போம். தகுதி என்பதும் ஒரு ஒப்பீடுதான். ஆங்கிலவழிக் கான்வென்ட் மாணவரையும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்து வந்தவரையும் ஒரே மேசை முன் உட்காரவைத்து ஒப்பிடுகிறார்கள். எந்த அடிப்படையில்? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி, சொந்த நுழைவுத்தேர்வு நடத்தும் பல்கலைக்கழகங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30. அந்த 30க்குள் ஆய்வுத் திறனுக்கு எவ்வளவு, ஆங்கிலச் சரளத்துக்கு எவ்வளவு என்று மாணவருக்குச் சொல்வதில்லை. ஆய்வு மாணவர் ஒருவர் இப்படி அடிப்படை சொல்லாமல் ஒப்பிட்டு எழுதினால் நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

தமிழிலேயே ஆய்வு எழுதினால் என்ன என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். எழுதலாம், அந்த உரிமைக்கும் போராட வேண்டும். ஆனால் தமிழில் எழுதுவது நம் தேர்வாக இருக்க வேண்டுமே தவிர, ஆங்கிலக் கதவு பூட்டப்பட்டதால் வந்த கதியாக இருக்கக் கூடாது. பெரியார் ஆங்கிலத்தை வலியுறுத்தியதும், 2010இல் உத்தரப் பிரதேசத்தின் பங்கா கிராமத்தில் தலித்துகள் ஆங்கில தேவிக்குக் கோயில் கட்ட அடிக்கல் நாட்டியதும் ஆங்கில மோகத்தால் அல்ல. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்ததால்தான்.

எனவே நம் கோரிக்கைகள் எளியவை. முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் பாடப்பணி கட்டாயம். அதற்குள் கல்விசார் ஆங்கிலத்தை எல்லா மாணவருக்குமான பாடமாக வையுங்கள். ‘ரெமிடியல்’ என்று பெயரிட்டு நம்மை மட்டும் நோயாளிகள் போலத் தனியே உட்காரவைக்க வேண்டாம். நேர்காணலின் மதிப்பெண் அடிப்படைகளை முன்கூட்டியே வெளியிடுங்கள். மொழி சரியில்லை என்று ஓர் ஆய்வைத் திருப்பினால் எந்த வரி, ஏன் என்று எழுதிக் கொடுங்கள்.

இவை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு விடுதியிலும் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டங்கள் வாரம் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். மூத்த ஆய்வாளர்கள் தாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்ற சொற்களை இளையவர்களுக்கு நோட்டோடு கொடுக்கலாம்.